தொட்டிலுக்கு முன்பே ஒரு பெயர்

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வோர் இன்குபேட்டரின் மீதும் ஓர் அட்டை தொங்குகிறது. தாயின் பெயர், பிறந்த நாள், நேரம், எடை, ஆணா பெண்ணா என்னும் விவரம் ஆகியவற்றைச் செவிலியர் அதில் எழுதிவைக்கின்றனர். குழந்தையின் பெயருக்கென்று ஒரு கோடும் உண்டு. பிறந்து 20 நாள் ஆன பின்னரும், 30 நாள் ஆன பின்னரும் அந்தக் கோடு வெறுமையாகவே கிடப்பதை நாங்கள் அன்றாடம் காண்கிறோம்.

கேட்டால் காரணங்கள் வருகின்றன. சோதிடர் இன்னும் எழுத்துக் குறித்துத் தரவில்லை. தாய்மாமன் வெளியூரிலிருந்து வந்து சேரவில்லை. ஆடி மாதம் கழியட்டும் என்று பாட்டி சொல்லிவிட்டார். கைப்பேசியில் நூறு பெயர்கள் பார்த்தாயிற்று, ஒன்றும் மனத்துக்கு நிறைவாக இல்லை. இவையெல்லாம் நியாயமான காரணங்களே. ஆயினும் இவற்றுக்கு அடியில் வாய்விட்டுச் சொல்லப்படாத காரணம் ஒன்றும் இருப்பதை எங்கள் செவிலியர் அறிவர். ‘முதலில் பிழைத்து வரட்டும், பிறகு பெயர் வைத்துக்கொள்ளலாம்’ என்பதே அது.

குழந்தைக்கு நல்ல பெயரைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்று பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்பதுண்டு. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெயரைத் தேடுவதற்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் ஏற்றுவதற்கு அதனினும் மிகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். சட்டமே அதற்கு இடம் தருகிறது. ஆனால் குழந்தையை அழைப்பதற்கு ஒரு பெயர் இன்றே வேண்டும். தொட்டில் இடும் நாளுக்காக அது காத்திருக்க வேண்டுவதில்லை. நோயுற்ற குழந்தையாயின் சற்றும் காத்திருக்கலாகாது.

பிழைக்குமோ என்னும் அச்சத்தை நாங்கள் எளிதாக எண்ணவில்லை. அது நம் மண்ணில் மிகப் பழைய அச்சம். குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள், மூக்கன், மூக்காயி என்னும் பெயர்களை நம் முன்னோர் தலைமுறைகளில் எத்தனையோ வீடுகளில் கேட்டிருப்பீர்கள். அவற்றுள் பல, முன்பிறந்த குழந்தைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்த வீடுகளில் இடப்பட்டவை. பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பு என்றனர். பிறர் கையிலிருந்து பிச்சையாகப் பெற்றது போல் பாவனை செய்து பிச்சை என்றனர். மூக்கைக் குத்தி மூக்கன் என்றனர். இது எவருக்கும் வேண்டாத பிள்ளை, இதைக் கொண்டுபோக வேண்டா என்று காலனிடம் சொல்லும் தந்திரம் அது. இன்று இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. எங்களுக்கு அதில் வேறொன்று தெரிகிறது. பிறந்த குழந்தைகளில் பாதியைக்கூடக் காப்பாற்ற இயலாதிருந்த அந்த வீடுகளில்கூடப் பெயரிடாமல் விட்டுச் சாவை ஏமாற்றலாம் என்று எவரும் கருதவில்லை. பெயரிட்டே ஏமாற்ற முயன்றனர். பெயர் இல்லாத பிள்ளையைக் காப்பதற்கு அவர்களுக்கு வழி தெரியவில்லை போலும்.

மருத்துவம் சொல்வதும் ஏறத்தாழ அதுவே. கருவின் செவி ஆறு, ஏழு மாதங்களில் ஒலிகளைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. 1980ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து மூன்று நாள்கள்கூட நிறையாத குழந்தைகள் தாயின் குரல் ஒலிக்க வேண்டுமென்றே சப்பும் வேகத்தை மாற்றிக்கொண்டமை பதிவாகியுள்ளது. எனவே குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் குழந்தையிடம் தாய் பேசுவது வீண் செயலன்று. ஆனால் பேசுங்கள் என்று சொன்னால் பல தாய்மார் தயங்கி நிற்கின்றனர். சுற்றிலும் கருவிகளின் ஓசை. அருகில் அந்நியர். என்ன பேசுவது என்று தெரிவதில்லை. பெயர் ஒன்று இருந்தால் அந்தத் தயக்கம் பாதி குறைந்துவிடுகிறது. பெயரைச் சொல்லி அழைப்பதே முதற்பேச்சாகிவிடுகிறது. குழந்தையை மார்போடு அணைத்துத் தோலோடு தோல் சேர்த்து வைத்துக்கொள்ளும் ‘கங்காரு’ பராமரிப்பு, 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. இன்று உலகெங்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கு அது பரிந்துரைக்கப்படுகிறது. எங்கள் பிரிவில் அந்த ஒருமணி நேரம் ஒரு பெயரிடு விழாவுக்கு முற்றிலும் ஏற்ற நேரம் என்றே கருதுகிறோம். கையைக் கழுவிக்கொண்டு, குழந்தையை மார்பில் ஏந்தி, காதருகில் மூன்று முறை பெயரைச் சொல்லிவிட்டால் போதும். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதோ தேன் தடவுவதோ மட்டும் வேண்டா. அது குழந்தைக்குத் தீங்கு தரும். மஞ்சள், சந்தனம், தொட்டில், தாய்மாமன் சீர் ஆகியவை வீடு திரும்பிய பின் குறைவின்றி நடக்கட்டும். பதினோராம் நாள், பதினாறாம் நாள், முப்பதாம் நாள் என்று குடும்பத்துக்குக் குடும்பம் நாள் வேறுபடுகிறது. இசுலாமியர் ஏழாம் நாளில் அகீகா செய்கின்றனர். கிறித்தவர் ஞானத்தீக்கை வரை காத்திருப்பதும் உண்டு. இவற்றுள் எதுவும், அதற்கு முன் அக்குழந்தையை அன்போடு ஒரு பெயர் சொல்லி அழைப்பதைத் தடுக்கவில்லை.

அழைத்துப் பழகிய பிறகு பிரிய நேர்ந்தால் துயர் மிகாதா என்று ஒரு தந்தை எங்களிடம் கேட்டார். அவ்வினாவுக்கு நேர்மையான விடை சொல்ல வேண்டியிருக்கிறது. துயர் பெயரால் மிகுவதுமில்லை, பெயரின்மையால் குறைவதுமில்லை. குழந்தையை இழந்த பெற்றோர் பல மாதங்கள் கழித்து எங்களைக் காண வருகையில், பெயரிட்டவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுகின்றனர். பெயரிடாதவர்கள் ‘அந்தப் பிள்ளை’ என்று சொல்லித் தடுமாறுகின்றனர். இருவருடைய கண்ணீரும் ஒன்றே. ஆனால் முன்னவர்களுக்குப் பேசுவதற்கு ஒரு சொல் கையில் இருக்கிறது. ஆகவே, இறந்து பிறந்த குழந்தைக்கும், ஒரு நாளே வாழ்ந்த குழந்தைக்கும் பெயரிட விரும்பும் பெற்றோரை உறவினர் தடுக்க வேண்டா என்று கேட்டுக்கொள்கிறோம். விரும்பாதவர்களை வற்புறுத்தவும் வேண்டா.

மருத்துவமனைக்குத் தன் கடமையைச் சார்ந்த ஒரு காரணமும் இருக்கிறது. பெயரில்லாத குழந்தைகள் ஒன்றோடொன்று குழம்பும் வாய்ப்பு மிகுதி. நம் மருத்துவமனைகளில் குழந்தையின் கைப்பட்டையிலும் கோப்பிலும் ‘இன்னார் குழந்தை’ என்று தாயின் பெயரையே எழுதுகிறோம். அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் முன்பு ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்பதோடு குடும்பப்பெயரை மட்டும் எழுதிவந்தனர். நியூயார்க்கிலுள்ள மான்டிஃபியோரி மருத்துவமனையில் தாயின் சொந்தப் பெயரையும் அதனுடன் சேர்த்து எழுதத் தொடங்கியபோது, ஒரு குழந்தைக்குரிய மருத்துவக் கட்டளை மற்றொரு குழந்தையின் பெயரில் பதிவாகும் தவறுகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. 2015இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. 2019 முதல் அந்நாட்டின் மருத்துவமனைத் தரச்சான்று அமைப்பு பிறந்த குழந்தைகளுக்குத் தனித்து அறியத்தக்க பெயர்முறையைக் கட்டாயமாக்கியது. தாயின் பெயரை எழுதும் நம் வழக்கம் அந்த வகையில் நல்ல வழக்கமே. எனினும் ஒரே வாரத்தில் இரண்டு பிரியாக்களும் மூன்று சங்கீதாக்களும் குழந்தை பெற்றெடுக்கும் ஊர் நம் ஊர். அப்போது கைப்பட்டை எண்ணையே நம்பியிருக்கிறோம். எண்ணைச் சரிபார்ப்பது எங்கள் பொறுப்பு. அதில் சலுகை இல்லை. இருந்தாலும் குழந்தைக்கென்று ஒரு பெயர் அட்டையில் ஏறிவிட்டால், சரிபார்க்க இன்னொரு கண் கிடைத்தது போலாகும். பாலைக் குழாயில் ஏற்றும் முன் செவிலியர் பெயரைச் சொல்லிக் கேட்கையில், ‘ஆம், ஆதிரைதான்’ என்று தாயே விடை சொல்லலாம்.

இரட்டைக் குழந்தைகளின் பெற்றோருக்கு இங்கே தனியாக ஒரு வேண்டுகோள். எதுகை மோனையோடு பெயர் வைக்கும் ஆசை இயல்பானது. ரித்விக், ரித்விகா என்றும், தருண், வருண் என்றும், இனியன், இனியாள் என்றும் வைத்தால் கேட்க இனிமையாகவே இருக்கும். ஆனால் அவ்விருவருக்கும் ஒரே பிறந்த நாள், ஒரே தாய், ஒரே முகவரி, ஒரே முதலெழுத்து. வேறுபடுத்திக் காட்ட எஞ்சியிருப்பது பெயர் ஒன்றுதான். அதிலும் ஓர் எழுத்தே வேறுபாடு என்றால், இரத்தப் பரிசோதனை முடிவும் மருந்துச் சீட்டும் தடுப்பூசி அட்டையும் இடம் மாறுவதற்கு நாமே வாயில் திறந்து வைத்தவர்கள் ஆகிறோம். இரண்டு பெயர்களும் வெவ்வேறு எழுத்தில் தொடங்கட்டும். நீளமும் சற்று வேறுபடட்டும். முகிலன் என்றும் கயல்விழி என்றும் வைத்தாலும் அவர்கள் இரட்டையர்தாம்.

எழுத்தும் நாவும்

இனி, எது நல்ல பெயர் என்னும் கேள்விக்கு வருவோம். சுருங்கச் சொன்னால், வீட்டிலுள்ள அனைவரும் உரக்கக் கூப்பிடக்கூடியதும், அப்பிள்ளை தானே எழுதக்கூடியதும் நல்ல பெயர். பொருள், ஒலி, புதுமை எல்லாம் அதன் பின்னரே. கொல்லைப்புறத்தில் விளையாடும் பேரனைத் திண்ணையிலிருந்து பாட்டி அழைக்க வேண்டும். அவருடைய நாவுக்கு வராத பெயரை எவ்வளவு அழகாகத் தேர்ந்தெடுத்தாலும், இரண்டே நாளில் அது குட்டி, தம்பி, அம்மு, பாப்பு என்று ஆகிவிடும். அதில் குற்றமில்லை. நம் மரபில் செல்லப்பெயருக்கென ஒரு தனியிடமே இருந்திருக்கிறது. பாட்டன் பெயரைப் பிள்ளைக்கு இட்டதால்தான் பெயரன், பெயர்த்தி என்னும் உறவுச்சொற்கள் பிறந்து, பேரன், பேத்தி என வழங்கின என்பர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்னும் கட்டுப்பாடு இருந்த காலத்தில், அதே பெயரைச் சுமந்த மகனை அவள் வேறு பெயரால்தான் அழைத்தாக வேண்டியிருந்தது. ஆகவே வீட்டுக்கு ஒன்று, ஏட்டுக்கு ஒன்று என இரண்டு பெயர்கள் இருப்பது புதிதன்று. இரண்டையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் எதிர்பார்ப்பு.

இங்குத் தமிழ்ப் பெயரா வடமொழிப் பெயரா என்னும் பழைய வழக்கு எழுவது இயல்பு. வேதாசலம் என்னும் பெயருடையவர் அதனைத் தமிழாக்கி மறைமலையடிகள் ஆனார். சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனார். அந்த ஆர்வம் தமிழ்நாட்டுக்கு எத்தனையோ அழகிய பெயர்களைத் தந்தது. யாழினி, எழிலன், கயல், ஆதிரை, இனியன், முகில் போன்ற பெயர்கள் இன்று எங்கள் பதிவேட்டில் நாள்தோறும் ஏறுகின்றன என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. அதற்காக வேறு மொழிப் பெயரையோ தம் சமயத்துக்குரிய பெயரையோ வைப்பவர்களிடம் குறை காண மாட்டோம். பொருளை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்போம். கைப்பேசியில் வரும் பட்டியல்களில் ஒரே பெயருக்கு ஓரிடத்தில் ‘இளவரசி’ என்றும், மற்றோரிடத்தில் ‘தென்றல்’ என்றும், வேறோரிடத்தில் ‘இறைவனின் பரிசு’ என்றும் பொருள் தருகின்றனர். பெற்றோருக்கு எது பிடிக்குமோ அதுவே அங்குப் பொருள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி நூலகங்களில் இருக்கிறது. இணையத்திலும் கிடைக்கிறது. பள்ளித் தமிழாசிரியர் ஒருவரைக் கேட்பது அதனினும் எளிது.

நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களை நாங்கள் தடுக்கவில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம். நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து என வகுத்திருக்கும் அப்பட்டியலில், திருவாதிரையின் மூன்றாம் பாதத்துக்கு உரிய எழுத்து ‘ங’. தமிழில் ஙகரத்தில் தொடங்கும் பெயரை எவர் வைத்திருக்கிறார்? அந்தப் பாதத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் அருகிலுள்ள எழுத்தொன்றை எடுத்துக்கொண்டு நலமாகவே வாழ்ந்திருக்கின்றனர். மூத்தோர் அந்த நெகிழ்வை அறிந்தே வைத்திருந்தனர். இன்றுதான், குறித்துத் தந்த எழுத்தில் பிடித்த பெயர் கிடைக்கவில்லை என்று மாதக்கணக்கில் பிள்ளையைப் பெயரின்றி விட்டுவைக்கிறோம்.

எண்கணிதத்தின் தொல்லை வேறு வகையானது. அது பெயரைத் தாமதப்படுத்துவதில்லை, எழுத்தைக் குலைக்கிறது. காவியா என்னும் எளிய பெயருக்கு ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ‘ஏ’ இரட்டிக்கிறது, மற்றோரிடத்தில் ‘ஒய்’ இரட்டிக்கிறது, இறுதியில் ஒரு ‘எச்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. வாழ்நாள் முழுவதும் அப்பிள்ளை தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சொன்னாலும் எதிரில் இருப்பவர் பாதியை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்வார். இதன் விளைவை எங்கள் காப்பீட்டுப் பிரிவில் வந்து பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், ஆதாரில் ஒருவிதம், காப்பீட்டு அட்டையில் இன்னொருவிதம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த குழந்தையின் தந்தை, இரண்டு எழுத்துகளுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். அதிர்ஷ்டம் தரும் என்று சேர்த்த எழுத்துகள்தாம் அவை.

ழகரம் உள்ள பெயருக்கும் இத்தொல்லை உண்டே என்பீர்கள். உண்மை. யாழினியும் எழிலனும் வடக்கே சென்றால் ஆங்கில ‘இசட் எச்’ படாத பாடு படும். ஆனால் அது ஓர் ஒழுங்கான வழக்கு. இங்குள்ள ஒவ்வோர் அலுவலரும் அறிந்தது. ஒரே விதமாக எழுதப்படும்வரை அதில் சிக்கல் எழுவதில்லை.

முதலெழுத்தையும் மறந்துவிடாதீர்கள். நம் பிள்ளையின் பெயர் தனித்து நிற்பதில்லை. முன்னே தந்தையின் முதலெழுத்து நிற்கிறது. தாயின் முதலெழுத்தையும் சேர்த்து இடும் வழக்கம் இப்போது பெருகிவருகிறது. அதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். இரண்டையும் சேர்த்து ஒருமுறை தமிழில் எழுதி, உரக்கப் படித்துப் பாருங்கள். தந்தை பேச்சிமுத்து, மகள் யாழினி. இரண்டும் நல்ல பெயர்களே. ‘பே. யாழினி’ என்று வகுப்பறையில் வருகைப்பதிவு எடுக்கையில் என்ன நிகழும் என்பதைப் பெற்றோர்தாம் முன்கூட்டி எண்ணிப்பார்க்க வேண்டும். கடவுச்சீட்டில் முதலெழுத்தை எழுத்தாகவே ஏற்பதில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

எவருடைய பிள்ளை, எவர் இட்ட பெயர்

பெயரைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு பெரும்பாலும் வார்டுக்கு வெளியே, நடைபாதை நாற்காலிகளில் நடக்கிறது. தாத்தா, பாட்டி, அத்தை, சித்தப்பா எல்லாரும் அதில் இருப்பர். பெற்றவள் உள்ளே படுத்திருப்பாள். முடிவான பெயர் அவளுக்குச் செய்தியாக வந்து சேரும். பத்து மாதம் சுமந்தவள், தனக்குள் ஒரு பெயரை வைத்து அழைத்துக்கொண்டிருந்திருக்கக்கூடும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. குடும்ப மரபில் தலையிட நாங்கள் யார் என்று கேட்கலாம். மகப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வோடு வரும் தாய்மாரின் பேச்சைக் கேட்பவர்கள் என்னும் முறையில் சொல்கிறோம். தன் சொல்லுக்கு வீட்டில் மதிப்பில்லை என்னும் எண்ணம் அவர்களுடைய பேச்சில் திரும்பத் திரும்ப வருகிறது. அவளிடம் முதலில் கேளுங்கள். அவள் சொன்ன பெயரையே வைத்தாக வேண்டும் என்பதில்லை. கேட்டுவிட்டு அமர்ந்து பேசுங்கள்.

பெண் குழந்தைகளின் பெயர் பற்றியும் ஒரு சொல். போதும்பொண்ணு, வேண்டாம் என்றெல்லாம் தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பெயர் இட்டிருக்கிறோம். அடுத்ததாவது ஆணாகட்டும் என்னும் விண்ணப்பத்தை அப்பெண்ணின் தலையிலேயே எழுதிவைத்தோம். மராட்டியத்தில் இதே பொருளில் ‘நகுஷா’ என்று பெயர் வைத்தனர். 2011இல் அம்மாநிலத்தின் சதாரா மாவட்டத்தில் அப்பெயர் தாங்கிய 200க்கும் மேற்பட்ட சிறுமியர் ஒரே விழாவில் தங்களுக்குப் பிடித்த புதுப் பெயர்களைப் பெற்றனர். இப்போது அத்தகைய பெயர்கள் எங்கள் பதிவேட்டில் வருவதில்லை. ஆனால் மூன்றாவதும் பெண் என்று தெரிந்ததும் பெயர்ப்பேச்சே எழாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. முதல் மகளுக்குப் பன்னிரண்டு பெயர்களை அலசியவர்கள், மூன்றாம் மகளுக்கு ‘ஏதாவது எழுதிக்கொள்ளுங்கள், சிஸ்டர்’ என்கின்றனர். செவிலியர் அந்தக் கோட்டில் எதையும் எழுதுவதில்லை. எழுதவும் மாட்டார்கள். அது பெற்றோரின் கடன்.

பதிவேட்டின் முன்

இனி, பதிவு. குழந்தை மருத்துவமனையில் பிறந்தால், 21 நாள்களுக்குள் பிறப்பைப் பதிவாளருக்கு அறிவிப்பது மருத்துவமனையின் பொறுப்பு. அப்போது பெயர் முடிவாகவில்லையெனில் அந்த இடத்தை வெறுமையாக விட்டே பதிவு செய்யலாம். 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். நிதானத்துக்குச் சட்டம் இடம் தருகிறது என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

அந்த ஓராண்டை மறதிக்கு இரையாக்கிவிடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அந்த நாளிலும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, அரசுப்பணி வரை, பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்று. பெயரில்லாத சான்றிதழைப் பள்ளி வாயிலில் நீட்டி நிற்கும் நிலை எவருக்கும் வேண்டா. பெயர் ஒருமுறை ஏறிவிட்டால், எழுத்துப்பிழையாயின் திருத்த வழி உண்டு. மனம் மாறிவிட்டது என்றால் பதிவேட்டில் மாற்ற இடமில்லை. பிற்காலத்தில் அரசிதழில் அறிவிக்கை செய்து பெயரை மாற்றிக்கொள்ளலாம். அது நெடிய வழி.

இன்னொன்று, பலர் அறியாதது. முதற்பேறு தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். மதுரையில் வாழும் பெண் நாகர்கோவிலில் குழந்தை பெறுகிறாள். பிறப்பு நிகழ்ந்த ஊரிலேயே அது பதிவாகும். ஓராண்டு கழித்து மதுரை அலுவலகத்தில் சென்று தேடினால் பதிவு கிடைக்காது. நாகர்கோவிலுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே தாய்வீட்டிலிருந்து திரும்பும் முன்னரே பெயரைச் சேர்த்துவிடுவது நல்லது.

பெயரை எழுதித் தருகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் தாளில் எழுதித் தாருங்கள். வாய்மொழியாகச் சொல்ல வேண்டா. குழந்தையின் பெயரோடு தாய், தந்தை பெயர்களும் அவர்களுடைய ஆதாரில் உள்ளவாறே இருக்கட்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் அலுவலகத்தை விட்டு நகரும் முன் எழுத்தெழுத்தாகப் படித்துவிடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எடுக்கும் ஆதாரிலும், தடுப்பூசி அட்டையிலும் அதே எழுத்துகளைப் பயன்படுத்துங்கள்.

ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்காகக் குழந்தையை எங்களிடம் கொண்டுவருவீர்கள். அப்போது மருத்துவர் ஒரு கேள்வி கேட்பார்: பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா? குழந்தைகள் நாலரை மாதத்திலேயே தம் பெயரின் ஒலியை மற்ற ஒலிகளிலிருந்து பிரித்தறிகின்றன என்று 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒன்பது மாத அளவில் பெரும்பாலான குழந்தைகள் பெயரைக் கேட்டுத் திரும்புகின்றன. திரும்பவில்லையெனில் காது கேட்கிறதா என்பதையும், வளர்ச்சியில் வேறு தாமதம் உண்டா என்பதையும் உரிய காலத்தில் ஆராய வேண்டும். காலந்தாழ்த்தாமல் கண்டறிந்தால் செய்யக்கூடியவை பல. அக்கேள்விக்கு, ‘எந்தப் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும், டாக்டர்? அப்பா ஒரு பெயர் சொல்கிறார், ஆச்சி ஒரு பெயர் சொல்கிறார், சான்றிதழில் இன்னும் போடவில்லை’ என்று விடை சொல்லும் பெற்றோர் உண்டு. அவர்களிடம் நாங்கள் சொல்வது, இன்றிலிருந்து வீட்டார் எல்லாரும் ஒரே பெயரைச் சொல்லி அழையுங்கள், நான்கு வாரம் கழித்து மீண்டும் கொண்டுவாருங்கள் என்பதே. காது கேட்கும் சோதனையை மட்டும் அன்றே செய்துவிடுகிறோம்.